1942 ஏப்ரல் 9: திருமலையில் வென்ற நகுமோ, எட்டுக் கிழமையில் மிட்வேயில் தோற்றது எப்படி?

கொட்டியாரம் (இழை தொடங்கியவர்)

ஏப்ரல் 9ஐ ஒட்டிப் பாடசாலை வரலாற்று மன்றம் ஒரு கண்காட்சி வைக்கிறது. பொதுத் தலைப்பு 'உலகம் திசைமாறிய நாட்கள்'. கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சி, வாட்டர்லூ, பேர்லின் மதில் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன. திருமலைக்கென்று (திருகோணமலை) ஒரு பலகை: அட்மிரல் நகுமோவின் யப்பானியக் கப்பற்படை 1942இல் நடத்திய விமானத் தாக்குதல். உயர்தரப் பிள்ளைகளின் வரைவில் நாலு கூற்றுகள் இருக்கின்றன. ஹேர்மிஸ் உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல், அது திருமலைத் துறைமுகத்தில் தாழ்ந்தது. திருமலையின் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்றில் ஒரு கமிகாசி (தற்கொலைத் தாக்குதல்) விமானி மோதினார். கனடிய விமானி பேர்ச்சல் தகவல் கொடுத்ததால் யப்பானியர் தோற்று ஓடினர். இந்தத் தாக்குதல் போரின் போக்கையே மாற்றியது.

பலகை நாலடிக்கு மூன்றடி. அச்சுக்குக் கொடுக்க முன் பிழை பிடித்துத் தாருங்கள்.

உப்புவெளி

ஹேர்மிஸை நான் எடுக்கிறேன் டீச்சர். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அதுதான். 1918 ஜனவரியில் கட்டத் தொடங்கி 1919இல் நீரில் இறக்கினார்கள். பிறகு வேலை இழுபட்டு 1924இல்தான் சேவைக்கு வந்தது. இடையில் யப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பயணிகள் கப்பலாகத் தொடங்கிப் பாதியில் மாற்றிக் கட்டிய ஆர்கஸ் அதற்கும் முந்தியது, 1918. 'விமானந்தாங்கியாகவே வடிவமைத்த முதற் கப்பல்' என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

தாழ்ந்த இடம் துறைமுகம் இல்லை. 8ஆந் திகதி இரவே கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹேர்மிஸும் அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் கரையோரமாகத் தெற்கே போயின. காலையில் திருமலையில் குண்டுவீச்சு முடிந்ததும் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹருனா போர்க்கப்பலின் மிதவை விமானம் 8 மணிக்குச் சற்று முன் அவற்றைக் கண்டுவிட்டது. பத்தரைக்கு 85 ஐச்சி விமானங்கள் மேலே நின்றன. ஐச்சி என்றால் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற வகை. ஹேர்மிஸில் அந்நேரம் ஒரு விமானம்கூட இல்லை, அதன் சோர்ட்பிஷ் விமானங்கள் சீனக்குடாவில் தரையில் நின்றன. 40 குண்டு வரை பட்டு, 20 நிமிடத்துக்குள் மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்ந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். அருகில் வந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் 600 பேரளவில் தூக்கியெடுத்தது. ரத்மலானையிலிருந்து புறப்பட்ட புல்மர் சண்டை விமானங்கள் வரும்போது ஹேர்மிஸ் கடலுக்கு அடியில்.

சிதைவு 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர் என்பதால் அங்கே இறங்க விசேட பயிற்சி தேவை. 'போய்ப் பார்க்கலாம்' என்று பலகையில் எழுதிவிடாதீர்கள்.

துறைமுகத்துக்குள்ளேயே எரிந்த கப்பல் வேண்டுமென்றால் சகாயிங் இருக்கிறது. ஏப்ரல் 9 குண்டில் தீப்பற்றியது, கைவிட்டார்கள். 1943இல் அதன் உடலை இறங்குதுறையாகப் பாவிக்க அமிழ்த்தினார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படை அதை மேலே எடுத்தது. படமும் கிடைக்கும், துறைமுகக் கதையும் சரியாக வரும்.

ஓர்ஸ்ஹில்

எண்ணெய்த் தாங்கி பற்றி. கமிகாசிப் பிரிவு அமைந்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். 1942இல் அப்படியொரு திட்டமும் இல்லை, ஆணையும் இல்லை. குண்டடிபட்டுத் திரும்ப வழியில்லாத விமானி, கண்ணில் பட்ட இலக்கின்மேல் விமானத்தை விடுவது அதற்கு முன்பும் நடந்ததுதான். சீனக்குடாவில் நடந்தது அதுவா, கட்டுப்பாடு இழந்த விமானமா என்பதைத் தாங்கியின் சிதைவைப் பார்த்து யாரும் தீர்மானிக்க முடியாது. 'ஒரு யப்பானிய விமானம் தாங்கியில் வீழ்ந்து, எண்ணெய் பல நாள் எரிந்தது' என்பது போதும்.

ஊரில் சுற்றும் கதைக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது, பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடலாம். மோதியது சீரோ என்பார்கள், மூன்று விமானிகளின் பெயரும் சொல்வார்கள். சீரோ ஒற்றை ஆசனச் சண்டை விமானம். மூவர் ஏறுவது நகாஜிமாவில், அதாவது டோர்பிடோவோ (நீருக்குள் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு) 800 கிலோக் குண்டோ காவுகிற விமானத்தில். மூவர் கதை சரியென்றால் சீரோ கதை பிழை.

ஒரு தாங்கிதானே எரிந்தது, மற்றவை ஏன் தப்பின என்று கண்காட்சியில் நிச்சயம் கேட்பார்கள். கப்பற் கொதிகலனுக்கான கனத்த எண்ணெய் பெற்றோல் போலச் சட்டென்று பற்றாது, 60 பாகைக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும். தாங்கிகளையும் காட்டுக்குள் இடைவெளி விட்டுப் பரப்பிக் கட்டியிருந்தார்கள். இதைவிடப் பெரிய காரணம், நகுமோவின் ஆட்கள் தேடியது கப்பலையும் ஓடுதளத்தையும். பேர்ள் துறைமுகத்திலும் 45 இலட்சம் பீப்பாய் எண்ணெயைத் தொடாமல்தான் போனார்கள். இரண்டு தாக்குதலுக்கும் வானில் தலைமை தாங்கியவர் ஒரே ஆள், மிட்சுவோ புச்சிடா. போருக்குப் பிறகு அவர் கிறிஸ்தவப் போதகரானார். பலகையில் ஒரு மனிதரின் படம்தான் போடலாம் என்றால் என் தெரிவு பேர்ச்சல் இல்லை, புச்சிடா.

இன்று பேசப்படும் 99 தாங்கிகளும் அந்தக் காலத்தவைதான், ஒவ்வொன்றும் சுமார் 12,000 கன மீற்றர். 2022 ஒப்பந்தத்தில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. அந்த அரசியலைப் பலகைக்குள் கொண்டுவந்தால் 1942ஐ ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

நிலாவெளி வீதி

பேர்ச்சலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் ஓர்ஸ்ஹில் அண்ணை. ஏப்ரல் 4 பின்னேரம் தெற்கே கொக்கலவிலிருந்து பறந்த கட்டலினா என்ற கடல் விமானத்தில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர். இலங்கைக்குத் தெற்கே கப்பற்படையைக் கண்டதும் இடம், திசை, வேகம் மூன்றையும் வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். விதிப்படி மூன்று முறை சொல்ல வேண்டும். முடிக்க முன்னரே சீரோக்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஆறு பேர் தப்பிப் போர்க்கைதிகளானார்கள். அவருக்குக் கிடைத்த விருதுகளில் ஒன்று யப்பானிய முகாமில் சக கைதிகளுக்காக நின்றதற்கு.

அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்கள் வெளியேறின. அதோடு அதன் வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை ரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே தலைக்கு மேல் யப்பானியர். ராடார் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

திருமலையில் அது திருந்தியது. 9ஆந் திகதி 7.06க்கு இங்கிருந்த ராடார் நிலையம் 91 மைல் தூரத்தில் கூட்டத்தைக் கண்டது. அந்த விமானங்களின் வேகத்துக்கு அது அரை மணி நேர அவகாசம். ஹரிக்கேன் 20,000 அடி ஏற 9 நிமிடமளவில் பிடிக்கும். ஆக 16 ஹரிக்கேன்களும் உயரத்தில் இருந்தபடியே சண்டைக்கு இறங்கின. இருந்தும் எட்டு வீழ்ந்தன, ஏனென்றால் எதிரே 40 சீரோ. முன்கூட்டித் தெரிந்தால் ஆயத்தமாக நிற்கலாம், எண்ணிக்கை கூடாது.

யப்பானியர் தோற்று ஓடினர் என்பதை வெட்டிவிடுங்கள். ஒரு கப்பலும் இழக்காமல் போனார்கள். ஓடியது சோமர்வில்லின் பிரித்தானியக் கப்பற்படை. மாலைதீவின் அட்டு அட்டோலில் ஒளித்து வைத்த தளத்தையும் விட்டு, கென்யாவின் கிலிந்தினிக்கு.

கொட்டியாரம்

அப்போ நாலாவது கூற்றும் விழுகிறதே. தோல்வி பிரித்தானியருக்கு, யப்பானியர் திரும்பியும் வரவில்லை. போர் எங்கே மாறியது?

தளவாடம்

நாலாவது விழாது டீச்சர், இடம் மாறும். திருமலைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகு. எட்டே கிழமையில், ஜூன் 4இல், முதல் மூன்றும் காகா என்ற இன்னொரு விமானந்தாங்கியோடு சேர்ந்து, பசிபிக்கின் மிட்வே தீவுக்கருகே அமெரிக்க விமானங்களிடம் அடிபட்டு முடிந்தன. அந்த நாளை உலகம் திசைமாறிய நாள் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். மிட்வேயில் அவர்களைக் கொன்ற ஒவ்வொரு குறையும் இலங்கைக் கடலில் ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டது. வென்றுவிட்டதால் ஒருவரும் திருத்தவில்லை. பலகையின் கதை இதுதான் என்பேன்.

முதற் குறை, ஆயுதம் மாற்றுவது. ஏப்ரல் 5 காலை கொழும்பைத் தாக்கிய புச்சிடா இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று அறிவித்தார். ஷோகாகுவிலும் சுய்காகுவிலும் நகாஜிமாக்கள் டோர்பிடோவோடு ஆயத்தமாக நின்றன, எதிரிக் கப்பல் வந்தால் அடிக்க. நகுமோ டோர்பிடோவைக் கழற்றிக் குண்டு பூட்டச் சொன்னார். சற்று நேரத்தில் யப்பானியரின் தோனே கப்பலின் விமானம் இரண்டு பிரித்தானியக் குரூசர்களைக் கண்டது. மறுபடி டோர்பிடோ பூட்டச் சொன்னார்.

விமானத்தட்டுக்குக் கீழே, மூடிய கொட்டகைக்குள் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். 91ஆம் வகை டோர்பிடோ 840 கிலோ, ஐந்து மீற்றருக்கு மேல் நீளம். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, பாரத்தைத் தாங்கிப்பிடித்து, கொளுவியை விடுவித்து, இறக்கி வெளியே தள்ள வேண்டும். டோர்பிடோவையும் 800 கிலோக் குண்டையும் ஒரே தாங்குசட்டம் பிடிக்காது. சட்டத்தைக் கழற்றி மற்றதைப் பொருத்தி, பிறகு குண்டை ஏற்ற வேண்டும். எல்லா விமானத்துக்கும் ஒரே நேரத்தில் போதிய வண்டி இல்லை, பிரிவு பிரிவாகத்தான் செய்யலாம். துறைமுக அமைதியிலேயே ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேலை. கப்பல் திரும்பிச் சரிந்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். இறக்கிய குண்டை உடனே வெடிமருந்து அறைக்கு அனுப்ப ஆளும் நேரமும் இல்லாவிட்டால் அது கொட்டகையிலேயே கிடக்கும்.

அன்று நகாஜிமாக்கள் நேரத்துக்கு ஆயத்தமாகவில்லை. எகுசா தலைமையில் 53 ஐச்சிகள் தனியே போய், அந்தக் குரூசர்களான டோர்செட்ஷயர், கோர்ன்வால் இரண்டையும் சில நிமிடங்களில் தாழ்த்தின. வெற்றி. குழப்பத்தைக் கணக்கெடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 4, மிட்வே. 7.15க்கு டோர்பிடோவை மாற்றிக் குண்டு பூட்டும்படி கட்டளை. 7.45க்கு நிறுத்து, கப்பல்கள் தெரிகின்றன என்று கட்டளை. அதே அட்மிரல், அதே வேலை, அதே தள்ளுவண்டி.

சாம்பல்தீவு

தளவாடம், அழகாக அடுக்குகிறீர்கள், ஆனால் ஏப்ரல் 9 உங்கள் வாதத்துக்கு எதிரானது. அன்று நகுமோ 85 ஐச்சிகளையும் கப்பலுக்கென்றே ஒதுக்கி, நகாஜிமாக்களைத் திருமலைக்கு அனுப்பினார். ஹேர்மிஸ் தெரிந்ததும் ஒரு ஆணியும் கழற்றாமல் ஐச்சிகள் எழும்பின. நாலு நாளில் பாடம் படித்த ஆள் என்றல்லவா சொல்ல வேண்டும்?

தளவாடம்

நல்ல கேள்வி. அன்று இரண்டாம் தாக்குதல் கேட்கப்படவில்லை, அதனால் ஒதுக்கீடு குலையவில்லை. மிட்வேயிலும் அவர் ஒதுக்கி வைத்துத்தான் தொடங்கினார். தரையை இன்னொரு முறை அடி என்ற கோரிக்கை வந்ததும் குலைத்தார், ஏப்ரல் 5 போலவே. ஒதுக்கிய படையைத் தொடாதே என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாம் குறைக்கு வருகிறேன், அது ஏப்ரல் 9க்கே உரியது, ஊரில் பேசப்படாததும்கூட. கொழும்பிலிருந்து பிரித்தானியரின் 11 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவைத் தேடிப் புறப்பட்டன. இரண்டு இயந்திரக் கோளாறால் திரும்பின. மிகுதி ஒன்பதும் 10.25க்கு 11,000 அடியில் அகாகிக்கு மேலே வந்து குண்டு போட்டன. கடலில் நீர்த்தூண்கள் எழும்பிய பிறகுதான் அகாகியில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியும். காவலுக்கு 20 சீரோவளவில் பறந்துகொண்டிருந்தும் இந்த நிலை. ஹிர்யூவில் முன்னரே கண்டிருக்கிறார்கள், மற்றக் கப்பல்களுக்குச் சொல்லவில்லை.

காரணம் ஒன்றிரண்டல்ல. கப்பல்களில் ராடார் இல்லை, தொலைநோக்கியோடு நிற்கும் ஆட்களின் கண்தான். சீரோக்களின் வானொலி இரைச்சலில் பாதி நேரம் பயனற்றது, மேலே பறப்பவருக்குத் திசை சொல்லப் போர்க்கப்பல் அந்தப் பக்கம் பீரங்கி வெடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சீரோவின் 20 மில்லிமீற்றர் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 ரவைதான். ஒரு கூட்டத்தைத் துரத்தினால் தீர்ந்துவிடும், நிரப்பக் கீழே இறங்க வேண்டும். மிட்வேயில் தாழப் பறந்து வந்த அமெரிக்க டோர்பிடோ விமானங்களைத் துரத்திச் சீரோக்கள் கீழே போயிருந்தன. மேலேயிருந்து பாய்ந்தவற்றைக் காணவே இல்லை.

சாம்பல்தீவு

பிளென்ஹைம் விவகாரத்தில் மிகைப்படுத்துகிறீர்கள். கணக்குப் போடுவோம். 11,000 அடி என்றால் 3,350 மீற்றர். குண்டு விழ 26 செக்கன், காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 30 கடல்மைல் வேகத்தில் கப்பல் செக்கனுக்கு 15 மீற்றர் போகும், 26 செக்கனில் 400 மீற்றர். அகாகியின் நீளம் 260 மீற்றர். குண்டை விட்ட பிறகு கப்பல் சுக்கானைத் திருப்பினால் இலக்கே அங்கே இருக்காது. மட்டமாகப் பறந்து போடும் குண்டு ஓடும் கப்பலில் படுவது அதிர்ஷ்டம். பாய்ந்து போடும் விமானம் 500 மீற்றரில் விடும், நாலு செக்கனில் விழும், கப்பல் 60 மீற்றர்தான் நகர்ந்திருக்கும். ஒன்பது பிளென்ஹைமை யப்பானியர் பொருட்படுத்தாமல் விட்டதில் நியாயம் இருக்கிறது. தாக்கிய ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

தளவாடம்

கணக்கு சரி. ஆனால் சுக்கானைத் திருப்ப, குண்டு வருவது தெரிய வேண்டுமே. அகாகி அன்று திரும்பித் தப்பவில்லை, பிளென்ஹைம் குறிதவறியதால் தப்பியது. யப்பானியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'இந்த விமானம் எங்களை அடிக்குமா' இல்லை, 'இது எப்படி எங்கள் தலைக்கு மேல் வந்தது'. அந்தப் பாதையில் பாய்ந்து போடும் விமானம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிட்வே விடை. அகாகியில் நேராகப் பட்ட குண்டு ஒன்றே ஒன்று, 1,000 இறாத்தல். மேற்கொட்டகைக்குள் போய், எரிபொருள் நிரப்பி டோர்பிடோ பூட்டிய நகாஜிமாக்களுக்கு நடுவே வெடித்தது. குண்டைவிடக் கப்பலைத் தின்றது அதன் சொந்த எண்ணெயும் வெடிமருந்தும்.

உப்புவெளி

ஒரு இடைச்செருகல். ஷோகாகு, சுய்காகு இரண்டும் ஏன் மிட்வேயில் இல்லை என்றும் ஒரு வரி வேண்டும். இங்கிருந்து திரும்பிய கையோடு பவளக்கடலுக்கு அனுப்பினார்கள், மே மாதம் 7, 8. ஷோகாகுவுக்கு மூன்று குண்டு, சுய்காகுவுக்கு விமானிகள் இழப்பு. இரண்டும் 1944இல் தாழ்ந்தன, ஜூனில் ஒன்று, ஒக்டோபரில் மற்றது. திருமலைக்கு வந்த ஐந்தில் ஒன்றுகூடப் போரின் முடிவைக் காணவில்லை. கீழே ஐந்து கப்பலின் உருவமும் தாழ்ந்த திகதியும் ஒரு வரிசையாகப் போட்டால் பிள்ளைகள் அதில்தான் நிற்பார்கள்.

திருமலைக்கும் முடிவு அதுவல்ல. பிரித்தானியக் கப்பற்படை 1944இல் திரும்பி வந்தது. அந்த ஏப்ரலில் இங்கிருந்து புறப்பட்ட இலஸ்ட்ரியஸும் அமெரிக்காவின் சரட்டோகாவும் சுமாத்திராவுக்கு அருகே சபாங்கைத் தாக்கின. அடித்தது அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகளை.

நிலாவெளி வீதி

எல்லாப் பழியையும் நகுமோ தலையில் கட்டுவதும் சரியில்லை. தீவையும் பிடி, அமெரிக்க விமானந்தாங்கிகளையும் அழி என்று ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தது யப்பானியக் கப்பற்படைத் தலைவர் யமமோட்டோவின் மிட்வேத் திட்டம். இந்தியப் பெருங்கடலிலும் அப்படித்தான்: துறைமுகத்தை அடி, கப்பற்படையையும் தேடு. தேடலுக்குக் குரூசர்கள், போர்க்கப்பல்களின் மிதவை விமானம் சிலதைத்தான் அனுப்பினார்கள், தாக்கும் விமானத்தைத் தேடலில் வீணாக்கக் கூடாது என்பது அவர்கள் கோட்பாடு. அந்தச் சில விமானங்கள் ஹேர்மிஸைக் கண்டன, சோமர்வில்லின் ஐந்து போர்க்கப்பல்களையும் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளையும் காணவே இல்லை. கோட்பாடு கடற்படையினுடையது, ஆளை மாற்றியிருந்தாலும் அது மாறியிருக்காது.

கொட்டியாரம்

திருத்திய வரைவு:

'1942 ஏப்ரல் 9 காலை ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகளின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று பல நாள் எரிந்தது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதே வேளை ஒன்பது பிரித்தானிய விமானங்கள் எவரும் காணாமல் அகாகிக்கு மேலே வந்து குண்டு வீசின. ஒன்றும் படவில்லை. யப்பானியர் வெற்றியோடு திரும்பினர், காவலில் இருந்த ஓட்டையைத் திருத்தவில்லை. எட்டுக் கிழமையின் பின் மிட்வேயில் அந்த ஓட்டை வழியே வந்த குண்டு அகாகியை அழித்தது.'

ஒரு பிள்ளை கேட்கிறா: பிளென்ஹைம் குண்டும் 10.25, மிட்வேயில் அகாகி அடிபட்டதும் கிட்டத்தட்ட 10.25. அதைத் தலைப்பாக்கலாமா? இன்னொன்று, யப்பானியப் பதிவிலிருந்து எடுத்த வரைபடத்தில் ஹேர்மிஸ் தாக்குதல் 13.35 என்று இருக்கிறது. எது சரி?

ஓர்ஸ்ஹில்

இரண்டும் சரி டீச்சர். யப்பானியக் கடற்படை உலகில் எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தில்தான் பதிவெழுதும். 1942 ஏப்ரலில் இலங்கை நேரம் அதைவிட மூன்று மணி பின்னால். 13.35இல் மூன்றைக் கழித்தால் 10.35. இன்றைய இலங்கை நேரத்தை வைத்துக் கழித்தால் மூன்றரை மணி வந்து அரை மணி பிசகும். போர்க்காலத்தில் இங்கே மணிக்கூட்டை முன்தள்ளியிருந்தார்கள்.

மிட்வேயில் வித்தியாசம் 21 மணி, திகதியே மாறும். அங்கே ஜூன் 4 காலை 10.25, அகாகியின் பதிவில் ஜூன் 5 காலை 7.25. ஆகவே அந்தத் தலைப்பு வேண்டாம், ஒன்று இலங்கை மணிக்கூடு, மற்றது மிட்வே மணிக்கூடு. பலகையின் அடியில் 'நேரங்கள் அந்தந்த இடத்து நேரம்' என்று சிறிய எழுத்தில் போடுங்கள். வரைபடத்தில் இருக்கும் 13.35ஐ அழிக்காமல் பக்கத்தில் தோக்கியோ நேரம் என்று குறித்துவிடுங்கள்.

தளவாடம்

வரைவில் ஒரு சொல் மட்டும். 'எவரும் காணாமல்' இல்லை, ஹிர்யூவில் கண்டார்கள். 'அகாகியில் எவரும் காணாமல்' என்று மாற்றினால் அச்சுக்குப் போகலாம்.